சரோஜா அத்தையின் இடப்பக்க முகம்

சரோஜா அத்தை இறந்துவிட்டார் என்ற செய்தி சரோஜா அத்தையின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. “அத்தை காலையில இறந்துட்டாங்க. அப்பாகூட கிளம்பி வா.” பள்ளிக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பி, “நல்லாவே இல்ல, வேற ஜோக் சொல்லுங்க” என்று பதில் போட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அதே எண்ணிலிருந்து, பள்ளித் தேர்வு ஒரு மாதம் முன்னால் வந்துவிட்டதாக ஒரு செய்தி வந்திருந்தது. அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேதியியல் படித்துத் தொலைத்தவள் நான். இன்னொரு முறை ஏமாறத் தயாராக இல்லை.

பிறகு மாமா அழைத்தார். “நான்தான் அனுப்பினேன் துர்கா. எல்லார் நம்பரும் அவ போன்லதான் இருக்கு” என்றார். அந்த மஞ்சள் முகத்தை அவர் பார்த்திருப்பார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உண்மையாக நடந்த ஒன்றை நான் குறும்பு என்று நினைத்துவிட்டேன். இதே தவறு ஒருமுறை என் விஷயத்திலும் நடந்திருக்கிறது. அன்று அறை நிறைய டாக்டருக்குப் படிப்பவர்கள் இருந்தார்கள். தவறைக் கண்டுபிடித்தது அத்தை. பதினாறாம் நாளில் வாசிக்க ஏதாவது எழுது என்று மாமா சொன்னபோது, சிரிப்பாக எழுதலாமா என்று கேட்டேன். அழுமூஞ்சியாக எழுதினால் அவள் எழுந்து வந்து அடிப்பாள் என்றார். ஆகவே அடி வாங்காமல் எழுதப் பார்க்கிறேன்.

உங்களில் பலருக்கு அவர் சிம்பாங் ரெங்கம் சரோஜாக்கா. செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், முடியைவிட மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியில் பார்த்து ஒட்டும் வேலை செய்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அவருடைய இடது காதுக்குப் பின்னால், கேட்கும் நரம்பில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனால் கெட்ட இடம். கட்டியை எடுத்தார்கள். அதோடு அந்தக் காதும் இடப்பக்க முகத்தின் அசைவும் போய்விட்டன. சிரித்தால் வாய் வலப்பக்கம் மட்டும் போகும். கண்ணை மூடச் சொன்னால் வலது கண் மூடும். இடது கண் திறந்தபடியே நிற்க, கருவிழி மேலே ஏறி ஒளிந்துகொண்டு வெள்ளை மட்டும் தெரியும். தூங்கப் போகும்போது மாமா அந்த இமையை விரலால் இறக்கி, காகித ஒட்டுநாடா ஒட்டிவிடுவார். ஒட்டாவிட்டால் கண் காய்ந்து புண்ணாகிவிடும். புண்ணானாலும் அத்தைக்குத் தெரியாது, அந்தப் பக்கத்து உணர்ச்சியும் பாதி போயிருந்தது.

இந்த முகத்தை என்ன செய்வது என்று வேறொருவர் முக்காட்டைத் தேடியிருப்பார். அத்தை அதை ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். அங்கே மாணவர்கள் மூளையிலிருந்து வரும் பன்னிரண்டு நரம்புகளைச் சோதித்துப் பழக நிஜமான நோயாளிகள் தேவை. வருடத்தில் பல சனிக்கிழமைகள் அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வரிசையாக வரும் மாணவர்கள் அவர் மூக்குக்கு முன்னால் காப்பித்தூளை நீட்டுவார்கள், கண்ணில் விளக்கு அடிப்பார்கள், பஞ்சால் கன்னத்தைத் தொடுவார்கள், காதில் கிசுகிசுப்பார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள். எது போயிருக்கிறது, எங்கே போயிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அத்தைக்கு முகநூல் கணக்கு கிடையாது. முகமே நூலாக இருந்தவருக்குக் கணக்கு எதற்கு?

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது ஒரு கேவலமான காரணத்தால். படிவம் இரண்டில், பதினாலு வயதில், பள்ளி நெடுந்தூர ஓட்டத்திலிருந்து தப்பிக்க, தொடங்கும் கோட்டிலேயே உட்கார்ந்து வாயை வலப்பக்கம் இழுத்துக்கொண்டேன். இடது கன்னத்தை அசைக்காமல் தொங்கவிட்டேன். ஆசிரியை பயந்துபோய் ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார். ஆம்புலன்ஸில் வந்தவர் ஒரு கிச்சுகிச்சு மூட்டினார், குட்டு வெளிப்பட்டது. அந்த முகத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அன்று மாலையே என்னை அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போய், நடந்ததை அவரே சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

அத்தை என்னைப் பார்த்து, “செஞ்சு காட்டு” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

“ஸ்கூல் பூரா பாக்கறப்ப வராத வெக்கம் இங்க எங்கருந்து வந்துச்சு? செய்.”

செய்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, துணிக்கடையில் சேலையின் கரையைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். சுருக்கினேன். “தப்பு” என்றார். என் விரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துப் புருவத்தைத் தூக்கினார். வலப்பக்கம் மூன்று கோடுகள் விழுந்தன. இடப்பக்கம் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. மூளையில் அடைப்பு வந்து வாய் கோணினால் நெற்றி தப்பித்துக்கொள்ளும், நரம்பே செத்துப்போனால் நெற்றியும் சேர்ந்து சாகும், டாக்டர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான் என்றார். நான் செய்தது அவருடைய முகமே இல்லையாம், மூளையில் அடைப்பு வந்தவரின் முகமாம்.

“என் மூஞ்சிய எடுத்தா முழுசா எடு. பாதி எடுத்தா அது கேலி” என்றார். அப்புறம், “வர்ற சனிக்கிழமை என்கூட வா. நடிக்கறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அவர் இடைவெளி விடவில்லை. அடுத்து அவர் கேட்டது, உனக்கு மீ நூடுல்ஸில் முட்டை போடவா வேண்டாமா என்பதுதான்.

சில மாதம் கூடப் போய் வேடிக்கை பார்த்த பிறகு, அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, படிவம் மூன்று தொடக்கத்தில் நானும் அந்தக் கல்லூரியில் நோயாளி ஆனேன். எனக்குக் கிடைத்த வேடம் மகா மட்டமானது: ஒன்றும் இல்லாதவள். நோய் உள்ளவர்கள் நடுவில் நலமாக இருக்கும் ஒருத்தியையும் உட்கார வைத்தால்தான், ஒன்றும் இல்லை என்று சொல்லும் தைரியம் மாணவர்களுக்கு வருமாம். அத்தைக்கு அங்கே இருந்த மரியாதையைக் கண்டு அசந்துவிட்டேன். விரிவுரையாளர் டாக்டர் ரொஹானா, யாருக்கும் எழுந்து நிற்காதவர், அத்தைக்குத் தானே தேநீர் கொண்டுவந்து கொடுப்பார். ஜாதகத்தில் என்ன என்று விசாரிப்பதுபோல் மற்ற நோயாளிகள் எந்த நரம்பு என்று கேட்பார்கள். “எனக்கு ஏழுல சனி, எட்டுலயும் சனி, அஞ்சுல அரைச் சனி” என்பார் அத்தை. முக அசைவுக்கு ஏழாவது நரம்பு, காதுக்கு எட்டாவது, தொடு உணர்ச்சிக்கு ஐந்தாவது.

ஒரு மாணவர் முதல் முறை அவர் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளை விழியைக் கண்டதும் ஓரடி பின்னால் போய்விட்டார். பெயர் ஹாஃபிஸ், ஒல்லியாக, கழுத்தில் டை ஒரு பக்கம் சாய்ந்து இருப்பார். அத்தை மலாயில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயப்படத் தேவையில்லை, பார்ப்பதற்காகத்தானே கொண்டுவந்திருக்கிறேன், நிதானமாகப் பாருங்கள் என்றார். ஆனால் துப்பு மட்டும் கொடுக்க மாட்டார். அந்த ஹாஃபிஸ் செத்துப்போன காதிலேயே மூன்று முறை எண்களைக் கிசுகிசுத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தபோதும் அத்தை அசையவில்லை. திரும்பும் வழியில் காரில், கொஞ்சம் கண்ணைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். “என் மூஞ்சில பெயிலானா மறுபடி வரலாம். ஆஸ்பத்திரில பெயிலானா வர முடியாது, இன்னொருத்தன் உசுருதான் போகும்” என்றார்.

ஒன்றும் இல்லாதவளாகவே நான் எத்தனை நாள் இருக்க முடியும்? மூன்றாவது சனிக்கிழமை ஒரு மாணவி என் கண் முன்னால் விரலை ஆட்டியபோது, இரண்டு கண்ணையும் மூக்கை நோக்கி இழுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வியர்த்து, ஏதேதோ பெரிய பெரிய நோயின் பெயர்களைச் சொன்னாள். டாக்டர் ரொஹானா முதலில் சிரித்தார், பிறகு எச்சரித்தார். அத்தை எச்சரிக்கவில்லை. வீடு வரும்வரை பேசாமல் வந்தார். அது போதுமானதாக இருந்தது. ஆனால் குறும்புக்காரி என்று என் பெயர் அங்கே பதிந்துவிட்டது.

அதற்கடுத்த மாதம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

பள்ளி விடுமுறையில் நீர்வீழ்ச்சியில் குளித்துவிட்டு வந்ததிலிருந்து என் வலது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. சொன்னால் அம்மா நீச்சலை நிறுத்திவிடுவார் என்று பஞ்சை அடைத்துக்கொண்டு, முடியை அதன் மேல் இழுத்துவிட்டுச் சமாளித்தேன். பிறகு வலது கண்ணுக்குப் பின்னால் வலி வந்தது. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து வந்தது என்று நானே மருத்துவம் பார்த்துக்கொண்டேன். அன்று காலை மாமா கார் ஓட்ட, வலப்பக்கமாக எங்களை முந்திப் போன லாரி இரண்டாகத் தெரிந்தது. “மாமா, இரட்டை லாரி போகுது” என்றேன். மாமா சிரித்தார். அன்னாசி லாரி ஓட்டுகிறவர் அவர், லாரி ஜோக் எது சொன்னாலும் சிரிப்பார். அத்தை முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் அவருக்குப் பின்னால் இடது ஓரத்தில், அவருக்குக் கேட்காத காது என் பக்கம்.

அன்று மாணவர்களுக்கு இறுதித் தேர்வுக்கு முந்தைய ஒத்திகை, மதிப்பெண் உண்டு. என் முன்னால் வந்தவர் அதே ஹாஃபிஸ். விரலை இடப்பக்கம் கொண்டுபோனார், வலப்பக்கம் கொண்டுபோனார், நின்றார். மறுபடி கொண்டுபோனார். பிறகு திரும்பி, மெல்லிய குரலில், வலது கண் வெளிப்பக்கம் போகவில்லை, ஆறாவது நரம்பு என்றார்.

டாக்டர் ரொஹானா என் அட்டையைப் பார்த்தார். எல்லாம் சரி என்று அதில் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, “துர்கா, சுடா லா” என்றார். போதும், நிறுத்து என்று அர்த்தம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இந்த இடத்தை நான் மறைக்காமல் எழுத வேண்டும். நான் எதையும் இழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஹாஃபிஸின் விரல் இரண்டாகத் தெரிந்ததும் தெரியும். ஆனால் எல்லாரும் சிரித்தபோது, இது குறும்பாகவே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. குறும்பு என்றால் திட்டு வாங்கினால் முடிந்தது. குறும்பு இல்லையென்றால் என்ன என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆகவே நானும் சிரித்தேன். மன்னிக்கணும் டாக்டர் என்றேன். ஹாஃபிஸ் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பதிலை மாற்றிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இடைவேளையில் இந்தச் செய்தி எனக்கு முன்பே நடைவழிக்குப் போய்விட்டது. அத்தை மீகோரேங், வறுத்த நூடுல்ஸ், பொட்டலத்தை மடியில் வைத்தபடி, பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“மறுபடியும் கண்ண இழுத்தியா?”

“ஆமா.”

“எப்படி இழுத்தே? காட்டு.”

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணையும் மூக்குக்கு இழுத்துக் காட்டினேன். அத்தை என் கருமணியைப் பார்த்தார். பிறகு தன் கட்டை விரலைத் தூக்கி, அதைப் பார்க்கச் சொல்லி, மெதுவாக என் வலப்பக்கம் கொண்டுபோனார். பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடி, இடது கண்ணை மட்டும் விரலோடு போகவிட்டார். இரண்டு பக்கமும் கடைசிவரை போனது. கையை மாற்றி இடது கண்ணை மூடினார். வலது கண்ணை வெளிப்பக்கம் வரச் சொன்னார். விரல் போனது. கண் பாதியில் நின்றது.

“போடி இன்னும்.”

“போறேன் அத்தை.”

“நடிக்கறியா?”

“இல்ல.”

மூன்று எழுத்துச் சொல்லுக்குள் என் குரல் உடைந்துவிட்டது. அத்தை என் காதின் மேல் இருந்த முடியை விலக்கினார். பஞ்சைப் பார்த்தார். அதை மோந்து பார்த்தார். அவர் மூக்கு ஒன்று, முதலாவது நரம்பு, கடைசிவரை பிரமாதமாக வேலை செய்தது.

பதினோரு வருடமாக அந்தக் கல்லூரிக்குப் போனவர், தேர்வு நடக்கும் அறையின் கதவைத் தானாக ஒருபோதும் திறந்ததில்லை. அன்று திறந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக டாக்டர் ரொஹானாவிடம் போனார். “டாக்டர், இனி பெத்துல். இது நெசம்” என்றார். முதலில் மலாயில், உடனே அதையே தமிழில், பிறகு இரண்டும் கலந்து வந்தது. நடிக்கிறவள் இரண்டு கண்ணையும் சேர்த்துத்தான் இழுக்க முடியும், இழுத்தால் கருமணி சுருங்கும், ஒரு கண்ணை மூடிவிட்டால் மற்றது போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்விடும். இவளுக்குப் போகவில்லை, மூடிப் பாருங்கள் என்றார்.

“ஒத்தைக் கண்ண வெளிய போகவிடாம புடிச்சு வைக்க இவளால முடியாது டாக்டர். யாராலயும் முடியாது.”

அறை முழுக்க மாணவர்கள். டாக்டர் ரொஹானா கோபப்படலாம், அவருக்கு அந்த உரிமை இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, அத்தை செய்ததை அப்படியே செய்தார். கையை மாற்றினார், மறுபடி செய்தார். காதை விளக்கடித்துப் பார்த்தார். எத்தனை நாளாக என்று என்னிடம் கேட்டார். முதல் முறையாக உண்மையான நாள்கணக்கைச் சொன்னேன். தேர்வை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவரே என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகக் கிளம்பினார்.

அத்தை அவரை வாசலில் மறித்தார். “அந்தப் பையன் சரியாத்தான் சொன்னான். மார்க்க மாத்துங்க” என்றார். ஹாஃபிஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ரொஹானா அவர் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார். நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று அன்று ஒருவரை அல்ல, இருவரைப் பார்த்தேன்.

காதில் இருந்த கிருமி எலும்பை அரித்துக்கொண்டு மண்டையோட்டின் அடிவரை போயிருந்தது. ஆறாவது நரம்பு அந்த எலும்பின் முனையை ஒட்டித்தான் போகிறதாம், அதனால் அதுதான் முதலில் மாட்டியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிருமி மூளைக்குள் போயிருக்கும் என்று அறுவை செய்தவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா வார்டு வாசலில் உட்கார்ந்து அழுதார். அத்தை என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மீகோரேங் சாப்பிட்டார். மறுபடி வாங்கிய புதுப் பொட்டலம்தான்.

வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏறியது. அத்தை தினமும் பஸ் பிடித்து வந்து கட்டை விரலைத் தூக்குவார். என் கண் எதுவரை போகிறது என்று வார்டில் இருந்த சாமான்களை வைத்து அளப்பார். முதலில் மருந்து தொங்கும் கம்பிவரை. பிறகு பக்கத்துக் கட்டில் பாட்டியின் வெந்நீர்ப் பிளாஸ்க்வரை. பிறகு ஜன்னலின் முதல் கதவு. ஒரு கண்ணில் துணி கட்டியிருந்த என்னைக் கடற்கொள்ளைக்காரி என்று நர்ஸ்களுக்கு அறிமுகப்படுத்துவார். ஒருநாள் நான் உண்மையாகவே பயந்து, இது இப்படியே நின்றுவிடுமா என்று கேட்டேன். தன்னுடையது நின்றுவிட்ட ஒருவரிடம் அதைக் கேட்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

“ஆறாவதுதானே, ஆறிடும்” என்றார். வலப்பக்க வாயால் சிரித்துவிட்டு, “ஆறலன்னா என் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு” என்றார்.

மூன்று மாதத்தில் ஆறியது. கடைசி வலப்பக்கக் கோடியில் மட்டும் ஒரு விரலகலத்துக்கு இன்றும் இரண்டாகத் தெரியும். அத்தை விரலை அங்கே நிறுத்திப் பார்த்துவிட்டு, “இது வராதுபோல. வெச்சுக்கோ” என்றார்.

இந்த மாதம் அவர் வீட்டுக்கு வந்தவர்களை நீங்களே பார்த்தீர்கள். நோயாளி இறந்தால் டாக்டர் வருவது அபூர்வம். அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர்களில் பதினாலு பேர் டாக்டர்கள், நான் எண்ணினேன். தங்காக்கிலிருந்து ஒருவர், பண்டார் தெங்காராவிலிருந்து இருவர். ஹாஃபிஸ் மருத்துவமனை உடையோடே வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டையும் அந்தப் பழைய டை போலவே சாய்ந்துதான் தொங்கியது. அவர் என்னிடம் மலாயில் ஒன்று சொன்னார். அன்றைக்குப் பிறகு, யார் சிரித்தாலும் கண்ணால் பார்த்ததை மாற்றிச் சொன்னதில்லை என்றார். எங்கள் குடும்பத்தில் இதுவரை டாக்டர் யாரும் இல்லை என்று அப்பா அடிக்கடி குறைப்படுவார். அப்பா, எத்தனை பேர் வேண்டும் உங்களுக்கு?

அத்தையைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தபோது, முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, எவ்வளவு லட்சணம் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கோணல் போன பிறகு அது யாருடைய முகமாகவும் இருக்கலாம். இடது கண் மட்டும் எப்போதும்போல் மூட மறுத்தது. மாமா சட்டைப்பையிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்தார், ஒரு துண்டைப் பல்லால் கிழித்தார், விரலால் இமையை இறக்கி ஒட்டினார். அப்போதுதான் எனக்கு அத்தையை அடையாளம் தெரிந்தது. அப்போதுதான் அழுதேன்.

போன வாரம் டாக்டர் ரொஹானா அழைத்தார். அத்தையின் நாற்காலியை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். நான் வருகிறேன் என்றேன். ஒன்றும் இல்லாதவளாகவா என்று கேட்டார். இல்லை டாக்டர், இந்த முறை என்னிடம் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு மாணவர் என் முகத்துக்கு முன்னால் விரலைத் தூக்குவார். அவசரக்காரராக இருந்தால் பாதியில் திரும்பிவிடுவார், எல்லாம் சரி என்று எழுதிவிடுவார். பொறுமைசாலியாக இருந்தால் கோடிவரை கொண்டுபோய் நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்பார். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால், அவர் எவ்வளவு பரிதாபமாகப் பார்த்தாலும், துப்புக் கொடுக்க மாட்டேன். அத்தையிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு விரலகலம்.